சல்லியின் வாக்குகள் கடலில் நின்ற நாள்

என் அத்தான் நிக்கலஸ் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தது மொத்தமே ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள். அதிலும் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்திருந்தார். அந்த ஐந்து கிழமையும் நான்தான் அவருடைய செயலாளர். வெள்ளைக்காரன் திருகோணமலை டொக்யார்ட்டை விட்டுப் போனபோது என் கிளார்க் வேலையும் அவனோடு கப்பலேறிவிட்டது. சும்மா வீட்டில் இருந்தவனுக்கு, அக்காவின் புருஷன் எம்.பி. ஆனதும் ஒரு மேசையும் கதிரையும் கிடைத்தன. கதிரை சூடாகுமுன் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். ஆகவே இந்தக் கதையை நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அத்தான் ஒரு பிரக்கிராசி, வழக்குப் பேசுவதுதான் தொழில். கோட்டில் அவர் எழுந்து நின்றதும் நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். எப்படியும் முக்கால் மணித்தியாலம் போகும் என்று அவருக்குத் தெரியும். பேச்சென்றால் அத்தானுக்கு உயிர். அந்தப் பேச்செல்லாம் கோட்டுச் சுவர்களுக்குள்ளேயே வீணாகிறதே என்ற கவலையில்தான் அவர் அரசியலுக்கு வந்தார். ஐம்பத்திரண்டில் மேசைச் சின்னத்தில் நின்று கட்டுப்பணத்தையும் இழந்தார். ஐம்பத்தாறில் சேவல் சின்னம். கூட்டம் வைத்த இடமெல்லாம் யாராவது பின்னால் நின்று கூவினார்கள். ஆதரவாளர்கள் பூமாலைக்குப் பதிலாக உயிர்ச் சேவலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். என் அக்கா றோஸ் அந்தத் தேர்தல் முழுக்கச் சேவல் கறிதான் சமைத்தார். அப்போதும் தோல்வி. அறுபதாம் ஆண்டு மார்ச் மாதத்தில் குடைச் சின்னம் கிடைத்தது. அறுபத்தொரு வாக்கால் வென்றுவிட்டார்.

அந்த வெற்றி அத்தானுடைய பேச்சால் வந்ததென்று அவர் நம்பினார். அது சல்லியால் வந்தது. பட்டினத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் மீன்பிடிக் கிராமம் சல்லி. இருநூற்று நாற்பது வாக்கு. அதற்கு இரண்டு வருடம் முன்பு, எந்தக் கரையில் யார் வலை இழுப்பது என்ற வழக்கில், சல்லியின் கரைவலையைப் பிஸ்கால்காரர்கள் கோட்டு உத்தரவோடு வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்கே ஒரே வலை. அத்தான் காசு வாங்காமல் வழக்காடி, ஏழு மாதம் கழித்து அந்த வலையை மீட்டுக் கொடுத்தார். அதிலிருந்து சல்லி முழுவதும் நிக்கலஸ் ஐயாவின் பக்கம். நகரத்து வாக்குகள் பாதிப் பாதியாகப் பிரிந்தன, மற்றக் கிராமங்களும் அப்படியே. சல்லி ஒன்றுதான் பிரியாமல் ஒரே கட்டாக விழுந்தது.

பாராளுமன்றத்தில் அவர் சத்தியப்பிரமாணத்துக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. பேச வேண்டிய பேச்சைத் தயாரித்தார், நான் பிரதி எடுத்தேன். அவர் திருத்தினார், நான் திரும்பவும் பிரதி எடுத்தேன். அவருடைய முறை ஒரு புதன்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்திய வார முடிவில் கொழும்பு மெயிலில் ஏறுவதற்கு ஸ்ரேசனுக்குப் போனோம். ஸ்ரேசன் மாஸ்ரர் மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்று, பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டதாக றேடியோவில் சொன்னார்களே, அதற்குப் பிறகும் ஐயாவுக்கு ரிக்கற் தேவையா என்று கேட்டார். அத்தான் ஸ்ரேசன் வாங்கில் உட்கார்ந்து அந்தப் பேச்சை முதலிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்துக் காட்டினார். நல்ல பேச்சுத்தான். ரெயின் போய்விட்டது.

யூலை இருபதாம் திகதி புதன்கிழமை மறுபடியும் தேர்தல் என்று அறிவித்தார்கள். எதிர்த்து நின்றவர் பழைய ஆள்தான், றோட்டுக்கும் பாலத்துக்கும் கொந்தராத்து எடுக்கும் ஞானசேகரம். மார்ச்சில் அறுபத்தொரு வாக்கால் தோற்றவர், அந்த அறுபத்தொரு பேரையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வீடு வீடாகத் திரிந்தார். கலியாணம், செத்தவீடு, காது குத்து ஒன்றும் விடவில்லை. அத்தான் அதற்குப் போட்டியாக மேடை மேடையாகப் பேசினார். இந்தமுறையும் எல்லாம் சல்லியில்தான் நிற்கிறது, அந்த இருநூற்று நாற்பதில் ஐம்பது குறைந்தாலும் நாங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அத்தானிடம் சொன்னேன். அதனால் தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இருவரும் சல்லிக்குப் போனோம்.

யூலை மாதம் கரைவலைக் காலம். கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கடல் அடங்கிக் கிடக்கும். அந்தக் காலத்தில் கரைவலைக்காரனை ஒருநாள் கடலை விட்டு வரச் சொல்வது சின்ன விடயமில்லை. ஆனாலும் மண்டாடி பாக்கியரத்தினம் உடனே ஒத்துக்கொண்டார். மண்டாடி என்றால் வலைக்குத் தலைவர். எப்போது வலையை வளைக்க வேண்டும், எப்போது இழுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்தான் சொல்வார், மற்றவர்கள் மறுவார்த்தை பேசமாட்டார்கள். அவர் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, புதன்கிழமை சல்லி வலை தண்ணீரைப் பார்க்காது என்று வாக்குக் கொடுத்தார். அத்தான் கத்தோலிக்கர், இருந்தாலும் அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலை நான் வாக்குச்சாவடியில் அத்தானின் ஏஜென்ற். சல்லியிலிருந்து ஒன்றரை மைல் மணல் றோட்டில் வந்தால் ஒரு பள்ளிக்கூடம்; அதுதான் சாவடி. எனக்கு எதிரே ஞானசேகரத்தின் ஏஜென்றாக ஸஹாப்தீன் உட்கார்ந்திருந்தார். டொக்யார்ட்டில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். கட்சி வேறாக இருந்தாலும் வெற்றிலை ஒன்று. ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். சுற்றுவட்டாரச் சனம் வந்து வாக்குப் போட்டது. சல்லியிலிருந்து ஒரு குஞ்சு குருமன்கூட வரவில்லை. எட்டு மணியானது. எட்டரையும் ஆனது. ஸஹாப்தீன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் குடை கச்சான் காற்றுக்குப் பறந்துவிட்டதா என்று என்னிடம் விசாரித்தார். நான் எழுந்து சைக்கிளை எடுத்தேன்.

சல்லிக் கரையில் கண்ட காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. இரண்டு கயிறு, கயிற்றுக்கு நூறு பேருக்கு மேல். ஆண், பெண், கிழவன், கிழவி எல்லாரும். கடலுக்குள் வலை வளைந்து கிடந்தது. அதற்குள் தண்ணீர் கறுத்துப்போய்க் கொதித்துக்கொண்டிருந்தது. பாரை மீன். விடியற்காலையில் கரைக்குப் போன ஒருவர், கூட்டம் கூட்டமாகப் பாரை வந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்பதைக் கண்டிருக்கிறார். அவர் கத்திய ஒரு கத்தலில் வாக்கு, வாக்குறுதி, நிக்கலஸ் ஐயா எல்லாம் பறந்துவிட்டன.

பாக்கியரத்தினம் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். நான் அம்மன் கோயில் வாசலில் கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்தினேன். அவர் மெல்லிய குரலில், “ஓம் தம்பி, அம்மனுக்கு முன்னாலதான் சொன்னனான். ஆனா இந்த மீனை அனுப்பினதும் அவதானே” என்றார்.

அவரோடு கதைத்துப் பயனில்லை என்று, கயிற்றில் முன்னுக்கு நின்ற கனகம்மாவிடம் போனேன். கருவாடு போட்டு நகரத்துச் சந்தைக்குக் கொடுக்கும் மனுஷி. சல்லிப் பெண்கள் அவர் சொல்வதைக் கேட்பார்கள். வந்து வாக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து இழுத்தால் என்ன என்று கேட்டேன். கனகம்மா கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே, “சாவடி அஞ்சு மணிவரைக்கும் நிக்கும். மீன் நிக்குமோ?” என்றார்.

கரைவலைக்கு ஒரு முறை இருக்கிறது. கயிற்றில் கைவைத்தவர், மீன் கிடக்கும் மடி கரையில் ஏறும்வரை கையை விடக் கூடாது. விட்டால் அவருக்குப் பங்கு இல்லை. பங்கு போவது மட்டுமில்லை. மீனைக் கண்டபின் கயிற்றை விட்டவன் என்ற பெயர் பேரப்பிள்ளை காலம்வரை கூடவே வரும். ஒரே ஒரு விலக்கு உண்டு. அந்த இடத்தில் இன்னொருவர் வந்து கயிற்றைப் பிடித்தால், முதல் ஆள் போய்விட்டு வரலாம். இதைப் பாக்கியரத்தினம் சொன்னதும் நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு உள்துறைமுக வீதியில் இருந்த அத்தான் வீட்டுக்குப் பறந்தேன்.

பத்து மணிக்கு முன்பே அத்தான் தன் மொறிஸ் மைனரில் வந்துவிட்டார். பின்னால் இன்னொரு கார். இரண்டிலும் சேர்த்துப் பதினொரு ஆதரவாளர்கள்: மாதா கோயில் பாடகர் குழுத் தலைவர், ஒரு தையல்காரர், தட்டெழுத்துப் பள்ளிக்கூட மாஸ்ரர், மிச்சம் எல்லாம் கிளார்க்மார். அத்தான் வெள்ளைக் கோட்டும் காற்சட்டையும் மினுக்கிய சப்பாத்துமாக மணலில் இறங்கி, கையை உயர்த்தி, “என் அன்பான சல்லிப் பெருமக்களே” என்று தொடங்கினார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இருநூறு பேர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்கள். அவருடைய அரசியல் வாழ்க்கையில் அவர் பேச்சை மூன்றாவது வசனத்தில் நிறுத்தியது அன்றைக்குத்தான். சப்பாத்தைக் கழற்றினார். கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். கனகம்மாவின் இடத்தில் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

பன்னிரண்டு பேர் பிடித்தால் பன்னிரண்டு பேருக்கு விடுதலை. வாக்காளரை வாகனத்தில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். இரண்டு கார்கள் சும்மா நிற்க, அந்தப் பன்னிரண்டு பேரும் ஒன்றரை மைல் மணலில் நடந்து போய், வரிசையில் நின்று, புள்ளடி போட்டு, ஒன்றரை மைல் நடந்து திரும்பி வந்தார்கள். ஒன்றே கால் மணித்தியாலம். ஒருவரையாவது சைக்கிளில் ஏற்றுவோமா என்று கேட்டேன். அத்தான் பிரக்கிராசி அல்லவா, கயிற்றிலிருந்தே சட்டப் பிரிவை இலக்கத்தோடு சொல்லி மறுத்துவிட்டார்.

நகரத்தார் வலை இழுத்த அழகை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எல்லாரும் ஒன்றாக இழுப்பதற்காகக் கயிற்றில் நிற்பவர்கள் அம்பா பாடுவார்கள். பாட்டின் ஒரு இடத்தில் இழுக்க வேண்டும், ஒரு இடத்தில் மூச்சு விட வேண்டும். எங்கள் ஆட்கள் மூச்சு விட வேண்டிய இடத்தில் இழுத்தார்கள், இழுக்க வேண்டிய இடத்தில் இருமினார்கள். பாடகர் குழுத் தலைவர் மட்டும் அம்பாவின் இராகம் பிழை என்று பாக்கியரத்தினத்துக்கு எடுத்துச் சொல்லி, நல்ல ஏச்சு வாங்கினார். தையல்காரர் பத்தாம் நிமிடம் மணலில் குந்திவிட்டார். இருந்தாலும் மத்தியானம் நகரத்திலிருந்து இன்னும் இருபத்தைந்து பேர் வந்து சேர, வேலை கொஞ்சம் சூடு பிடித்தது.

அதற்குள் ஸஹாப்தீன் ஆள் அனுப்பி ஞானசேகரத்துக்குச் செய்தி சொல்லிவிட்டார். அவர் ஜீப்பில் ஒரு பொலிஸ்காரரோடு வந்து இறங்கினார். வாக்காளருக்குச் சாப்பாடு கொடுப்பது இலஞ்சம் என்றால், வாக்காளருக்காக வலை இழுத்துக் கொடுப்பதும் இலஞ்சம்தான் என்பது அவருடைய முறைப்பாடு. பொலிஸ்காரர் நிதானமானவர். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, நிழலில் போய் நின்று முழுக்க வாசித்துவிட்டு வந்து, சாப்பாடு இருக்கிறது, சாராயம் இருக்கிறது, வாகனம் இருக்கிறது, கயிறு இல்லை என்றார். வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்த கனகம்மா, ஐயாவுக்கு வாக்குப் போடுகிறவர்களும் இந்தக் கயிற்றில் நிற்கலாம், அவர்களை அனுப்புவதற்கு ஐயாவும் ஒரு கை பிடித்தால் நல்லது என்று ஞானசேகரத்தை மரியாதையாக அழைத்தார். ஞானசேகரம் கயிற்றில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலைந்து பேராவது தன்னுடையவர்களாக இருப்பார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம், யாரென்றுதான் தெரியவில்லை. கடைசியில் தனக்கு இரத்த அழுத்தம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டே முக்கால் வரையில், கடைசியாகப் புறப்பட்ட கூட்டத்தோடு சேர்த்து, நூற்றுப் பதினான்கு பேரைச் சாவடிக்கு அனுப்பியிருந்தோம். எனக்கு உயிர் வந்தது. இன்னும் நூற்றிருபத்தாறு பேர். ஐந்து மணிக்கு முன் அரைவாசிப் பேரையாவது அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கடைசிக் கூட்டம் சாவடியில் சரியாகச் செய்கிறதா என்று பார்ப்பதற்காக நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஸஹாப்தீன் ஒரு வெற்றிலையைக் கொடுத்து, பெருமூச்சோடு, நீங்கள் வென்றுவிடுவீர்கள் போலிருக்கிறது என்றார். நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, கொழும்புக்குப் போனதும் உனக்கும் ஒரு வேலை பார்ப்போம் என்று பெரிய மனுஷனாகப் பேசிவிட்டு வந்தேன்.

மூன்றரைக்குக் கரைக்குத் திரும்பினால், எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. வலை நன்றாகக் கிட்ட வந்துவிட்டது. ஆனால் நீரோட்டம் திரும்பி, மீன் பாரத்தோடு வலையை வடக்குப் பக்கத்துக் கற்களை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. கல்லில் பட்டால் மீனும் இல்லை, வலையும் இல்லை. கயிற்றை விட்டு இனி ஒருவரும் அசையக் கூடாது என்று பாக்கியரத்தினம் நிறுத்திவிட்டார். என்னோடு வாக்குப் போட்டுவிட்டு வந்தவர்களும் ஓடிப்போய்க் கயிற்றில் விழுந்தார்கள். வாக்குப் போடாத நூற்றிருபத்தாறு பேரும் அப்படியே நின்றார்கள்.

அந்தக் கயிற்றின் முன்னுக்கு, முழங்கால் தண்ணீரில், என் அத்தான். காற்சட்டையை மடித்து விட்டிருந்தார். சட்டை எங்கேயோ போய்விட்டது. முதுகு அவித்த நண்டுபோலச் சிவந்திருந்தது. தொண்டை கிழிய “இழு, இழு” என்று கத்திக்கொண்டிருந்தார். அம்பா பாடுகிறவனுக்கு மூச்சு விடக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை.

நான் பக்கத்தில் போய்க் கைக்கடிகாரத்தை அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன்.

“அத்தான், மூண்டரை ஆயிட்டுது. இன்னும் நூற்றிருபத்தாறு பேர் நிக்கினம். அரைவாசிப் பேரையாவது விடச் சொல்லுங்கோ.”

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “கயித்தைப் பிடி டொமினிக்” என்றார். உடனே திரும்பவும் “இழு” என்று கத்தினார்.

எனக்கு விளங்கிவிட்டது. மனுஷனுக்குக் கயிற்றுப் பைத்தியம் பிடித்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பேனை பிடித்தவர் முதல்முறையாகக் கயிற்றைப் பிடித்து, இருநூறு பேரோடு சேர்ந்து கத்தி, தேர்தலையே மறந்துவிட்டார். எட்டு வருட அரசியல், மூன்று சின்னம், தேர்தல் செலவுக்கு விற்ற அக்காவின் இரண்டு காப்பு, என் மேசை, என் கதிரை, எல்லாவற்றையும் ஒரு பாரைக் கூட்டத்தைக் கண்டதும் மறந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. என்ன செய்வது, நானும் கயிற்றைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு, இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மனத்துக்குள் அவரை ஒரு கெட்ட வார்த்தையால் ஏசினேன். அம்பாவுக்கு அது நன்றாகவே பொருந்தி வந்தது.

ஐந்து மணி எப்போது அடித்தது என்று அந்தக் கரையில் என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஐந்தே கால் கழித்து மடி கரையில் ஏறியது. அப்படி ஒரு மீனை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. மணல் முழுக்க வெள்ளி. கனகம்மா கருவாடு போடுகிற வேலையைக்கூட மறந்து, மணலில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து அழுதார். இரண்டு வருடத்துக்கு மேலாகக் கடனில் கிடந்த ஊர் அது. வழக்கு நடந்த ஏழு மாதமும் அவர்கள் பட்டினி கிடந்தது எங்களுக்குத் தெரியும். அத்தானை இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எம்.பி. ஆனபோதுகூட அவரை யாரும் தூக்கவில்லை. நான் மட்டும் அவருடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மூலையில், செத்தவீட்டுக்கு வந்தவன்போல நின்றேன்.

வாக்கு எண்ணினார்கள். எழுபத்து நான்கு வாக்கால் அத்தான் தோற்றுப்போனார். அரசாங்க அதிபரின் கச்சேரி மண்டபத்தில் ஞானசேகரம் பெருந்தன்மையோடு கையை நீட்டினார். அத்தானின் இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்து உரிந்திருந்தன. அவர் மணிக்கட்டை நீட்ட, ஞானசேகரம் அதைப் பிடித்துக் குலுக்கினார். பார்த்தவர்கள் வைத்தியர் நாடி பிடிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் பின்னேரம் நான் அத்தான் வீட்டுக்குப் போனேன். ஒரு முடிவோடுதான் போனேன். குசினி அடுப்புக்குப் பக்கத்தில் அக்கா வாங்கில் உட்கார்ந்து அத்தானின் கைகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எண்ணெய் பூசிய விதத்திலும் தெரிந்தது. அத்தான் இரண்டு தடவை முனகினார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பாக்கியரத்தினம் வந்திருந்தார். பின்னால் கட்டியிருந்த கூடையில் பன்னிரண்டு பாரை. கயிறு பிடித்தவருக்கு உரிய பங்கு என்று சொல்லி, குசினி வாசலில் இறக்கி வைத்தார்.

இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அத்தானைப் பார்த்து, “நான் மூண்டு மணிக்கே வந்து காதுக்குள்ள கேட்டனான்தானே ஐயா. விடச் சொன்னா விடுறம், வலை போனாலும் போகட்டும், நீங்கள் மீட்டுத் தந்த வலைதானே எண்டு கேட்டனான்தானே. நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்கள் எல்லாரும் போய்ப் போட்டிருப்பம்” என்றார். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. அக்கா கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அவரை ஏசுவதற்கென்று இரவு முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒன்றும் உதவாமல் போயின. அவர் மறக்கவில்லை. நான் கடிகாரத்தைக் காட்டுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே அவரிடம் கேட்டிருக்கிறார்கள்.

“அப்ப நீங்கள் மறந்துபோகேல்லையோ?” என்று கேட்டேன்.

“எதை மறக்கிறது? எட்டு வருசமா அதைத்தானே நினைச்சுக்கொண்டிருக்கிறன்” என்றார் அத்தான்.

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். காலையிலிருந்து முதல்தடவையாக அவரைப் பார்த்துப் பேசினார். “சொல்ல மனம் வரேல்லையாக்கும்” என்றார். அந்தக் குரலில் கோபம் பாதி, பெருமை பாதி.

அத்தான் தன் உரிந்த கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மேடையில் பேசுகிற குரல் இல்லை அது. தொண்டை கட்டிப்போய், பக்கத்தில் இருந்த எனக்கே காது கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

“மனம் வந்தது றோஸ். விடுங்கோ எண்ட சொல்லு நாக்கு நுனிவரைக்கும் வந்திட்டுது. சொன்னா அந்தச் சனம் அப்பிடியே விட்டிருக்கும். வாயைச் சும்மா வைச்சிருந்தா அது வெளியில விழுந்திடும் எண்டு பயந்துதான், மடி ஏறுமட்டும் இழு இழு எண்டு கத்திக்கொண்டு நிண்டனான்.”